தொண்டையில் அடைப்பு, நெஞ்சில் எரிச்சல்: எல்லாவற்றுக்கும் சோடாவா?

கேள்வி: என் அம்மைக்கு வயது 48. குமரி மாவட்டம் கருங்கல் பக்கம் ஒரு அண்டியாபீசில் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறார். ஆறேழு மாதமாகத் தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போல இருக்கிறது என்கிறார். எச்சில் விழுங்கும்போதுதான் அது தெரிகிறதாம். நாள் முழுக்கக் காறிக்கொண்டே இருக்கிறார், காலையில் குரல் கரகரக்கிறது. ராத்திரி படுத்தால் நெஞ்சு கரிக்கிறது. சில நாள் புளித்த தண்ணீர் வாய்வரை வந்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, "கட்டி ஒன்றும் இல்லை, குரல்வளையின் பின்பக்கம் சிவந்திருக்கிறது, அமிலம் மேலே வருவதால் இருக்கும்" என்று பேண்டோபிரசோல் 40 எழுதித் தந்தார். காலையில் பழங்கஞ்சி குடித்த பிறகு இரண்டு வாரம் போட்டார், பலன் இல்லை என்று நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா கேன்சராக இருக்கும் என்று பயமுறுத்துகிறார். அம்மை, வாயுதான் என்று சோடா குடிக்கிறார். முட்டுவலிக்கு மெடிக்கல் ஸ்டோரில் அடிக்கடி மாத்திரை வாங்கிப் போடுவார். வாய் வழியாகக் குழாய் விட்டு வயிறுவரை பார்க்கும் எண்டோஸ்கோப்பி எடுக்க வேண்டுமா? மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் நிறுத்த வேண்டுமா? இந்த மாத்திரையை ரொம்ப நாள் போட்டால் கிட்னி போய்விடுமா? இன்னொன்று: இரண்டு வாரமாக நெஞ்சின் நடுவில் பாரம் வைத்த மாதிரி ஓர் அமுக்கமும் வருகிறது என்கிறார். சோடா குடித்து ஏப்பம் விட்டால் குறைகிறதாம்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

'இன்னொன்று' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். 48 வயதில் நெஞ்சின் நடுவில் அமுக்கம் என்றால் அதை முதலில் இதயத்தின் கணக்கில்தான் எழுத வேண்டும். இதயம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அது வயிற்றின் கணக்குக்கு வரும். உணவுக்குழாயும் இதயமும் நெஞ்சுக்கூட்டுக்குள் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டின் வலியையும் கொண்டுபோகும் நரம்புகள் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. அதனால் நோயாளி சொல்வதை மட்டும் கேட்டு, இது எரிச்சல், இது மாரடைப்பு என்று அனுபவமுள்ள டாக்டர்களாலும் அடித்துச் சொல்ல முடிவதில்லை.

ஏப்பம் விட்டால் குறைகிறது என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதயத்துக்கு இரத்தம் குறைவதால் வரும் வலியும் சில நிமிடம் உட்கார்ந்தால் தானே அடங்கும். அந்த நேரத்தில் கையில் சோடா இருந்தால் பேர் சோடாவுக்குப் போய்விடும். அம்மையிடம் இதைக் கேளுங்கள்: பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு மேடு ஏறும்போது, தண்ணீர்க் குடம் தூக்கும்போது அந்த அமுக்கம் வருகிறதா? நின்றால் குறைகிறதா? கூடவே வியர்வை, மூச்சுவாங்கல், தாடையிலோ இடது கையிலோ கனம் உண்டா? ஒன்றுக்காவது ஆம் என்றால் வயிற்று மாத்திரை யோசனையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், உடனே இதயத்தைப் பாருங்கள். இல்லை என்று சொன்னாலும் ஓர் ஈசிஜி கட்டாயம். பெண்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் மாரடைப்பு பல சமயம் நெஞ்சுவலியே இல்லாமல் அசதி, குமட்டல், மூச்சுத்திணறல் என்று வரும். அம்மைக்குச் சர்க்கரையோ பிரஷரோ உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. பார்த்ததே இல்லை என்றால் அதே நாளில் அதையும் பார்த்துவிடுங்கள்.

ஈசிஜி எடுத்து நன்றாக இருக்கிறது என்று வந்தாலும், நடந்தால் வலி, நின்றால் சரி என்ற கதை தொடர்ந்தால் இதய மருத்துவர் எக்கோ என்ற இதய ஸ்கேன், நடக்கவைத்து ஈசிஜி எடுக்கும் டிரெட்மில் எல்லாம் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். ஓய்வில் இருக்கும்போதே அமுக்கம் வந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடங்கவில்லை, அல்லது வியர்த்துக் கொட்டுகிறது என்றால் 108க்குப் போன் செய்யுங்கள். பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்று வீட்டில் உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் முதலில் தர வேண்டிய மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தந்து மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்.

சரி, இதயம் நன்றாக இருக்கிறது என்று வந்துவிட்டது என வைத்துக்கொண்டு மற்றதைப் பேசுவோம்.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வாய்க்கால் மடை மாதிரி ஒரு தசை வளையம் இருக்கிறது. விழுங்கும்போது திறக்கும், மற்ற நேரம் மூடியிருக்கும். அது வேண்டாத நேரத்தில் தளர்ந்தால் இரைப்பையில் இருப்பது மேலே வரும். இதைத்தான் எதுக்களிப்பு என்கிறோம். எல்லோருக்கும் கொஞ்சம் எதுக்களிக்கத்தான் செய்யும். வயிறு முட்டச் சாப்பிட்டாலோ, குனிந்திருந்தாலோ, உடனே படுத்தாலோ, வயிற்றைச் சுற்றி எடை ஏறியிருந்தாலோ அது கூடும். இரைப்பையின் மேல்பகுதி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் வழியாகக் கொஞ்சம் நெஞ்சுக்குள் ஏறியிருப்பவர்களுக்கு இந்த மடை இன்னும் பலவீனமாக இருக்கும்.

இரைப்பையின் உள்தோல் அமிலத்தைத் தாங்கும். உணவுக்குழாய் ஓரளவு தாங்கும். தொண்டைக்கும் குரல்வளைக்கும் அந்தத் தாங்குசக்தி மிகக் குறைவு. கொஞ்சம் அமிலமும், அதோடு வரும் பெப்சின் என்ற செரிமான நொதியும் எப்போதாவது ஏறினாலே அங்கே சிவந்து வீங்கிவிடும். அந்த வீக்கத்தைத்தான் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதாக அம்மை உணர்கிறார். தொண்டைத் தொல்லையோடு வருகிற பலருக்கு நெஞ்செரிச்சலே இருக்காது. சளி என்று நினைத்து மாதக்கணக்கில் இருமல் மருந்து குடித்துவிட்டு வருவார்கள். அம்மைக்கு இரண்டும் சேர்ந்திருப்பதால் உங்கள் டாக்டர் சந்தேகப்பட்டது நியாயம்தான்.

காறுவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு முறை காறும்போதும் குரல் நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதுகின்றன. வீக்கம் கூடுகிறது, அடைப்பு கூடியது போலத் தோன்றுகிறது, மறுபடி காறுகிறார். இந்தச் சுற்றை உடைக்க எந்த மருந்தும் வேண்டாம். காறத் தோன்றும்போது ஒரு மடக்கு வெதுவெதுப்பான தண்ணீர், இல்லையென்றால் எச்சிலையே அழுத்தி ஒரு விழுங்கு. முதல் வாரம் கஷ்டமாக இருக்கும். அண்டியாபீசில் பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவின் கேன்சர் பயத்துக்கு வருகிறேன். எச்சில் விழுங்கும்போது மட்டும் அடைப்பு தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சோறும் கிழங்கும் தடையில்லாமல் இறங்கினால் அது நல்ல செய்தி. கட்டி என்றால் பெரும்பாலும் முதலில் கெட்டியான உணவு இறங்கத் தயங்கும், நாளாக ஆகக் கஞ்சியும் தயங்கும். காது மூக்கு தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துக் கட்டி இல்லை என்றும் சொல்லிவிட்டார். இதற்கு மேலும் தினம் தினம் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால் அடைப்பு கூடத்தான் செய்யும், ஏனென்றால் மனக்கலக்கத்தில் தொண்டைத் தசைகள் இறுகும். அக்காவிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். அம்மை வெற்றிலையோடு புகையிலை போடுகிறவராக இருந்தால் மட்டும் என் பேச்சு மாறும். புகையிலை அந்தத் தசை வளையத்தையும் தளர்த்தும், வாய்க்கும் தொண்டைக்கும் உண்மையான புற்று ஆபத்தையும் தரும். அதை விட்டே ஆக வேண்டும்.

இனி மாத்திரை. 'பலன் இல்லை' என்று நிறுத்தியது எனக்கு ஆச்சரியமாக இல்லை. பேண்டோபிரசோல், ஒமிப்பிரசோல், ரேபிப்பிரசோல் எல்லாம் ஒரே குடும்பம். இரைப்பைச் சுவரில் அமிலத்தைச் சுரக்கிற பம்புகளை இவை அடைக்கின்றன. சாப்பிடும்போதுதான் பம்புகள் ஓடத் தொடங்கும், ஓடுகிற பம்பைத்தான் மாத்திரையால் அடைக்க முடியும். இரத்தத்தில் அது தங்குவதோ சில மணி நேரம்தான். ஆகவே உணவு வயிற்றுக்குள் போவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். பழங்கஞ்சி குடித்த பிறகு போட்ட மாத்திரை பாதி வேலைகூடச் செய்திருக்காது. அம்மை ஏழரை மணிக்குக் கஞ்சி குடிக்கிறார் என்றால் ஆறே முக்காலுக்குத் தண்ணீரோடு மாத்திரை. நாலரைக்கு எழுந்த உடனே போட்டுவிட்டு மூன்று மணி நேரம் கழித்துக் கஞ்சி குடித்தாலும் நேரம் தவறியதுதான். கடிக்கவோ பொடிக்கவோ கூடாது, மேலே இருக்கும் பூச்சு அமிலத்திலிருந்து மருந்தைக் காப்பாற்றுவதற்காகப் போட்டது.

அப்புறம், பொறுமை. நெஞ்சு கரிப்பு ஒன்றிரண்டு வாரத்தில் குறையத் தொடங்கும். தொண்டை அப்படி இல்லை. சரியான நேரத்தில் போட்டாலும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கழித்துத்தான் வித்தியாசம் தெரியும் என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் தொண்டையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இந்த மாத்திரை அமிலத்தின் கடுமையைக் குறைக்கிறதே ஒழிய, மேலே வருவதை நிறுத்துவதில்லை. அதற்குத்தான் கீழே சொல்லப்போகும் மற்ற விஷயங்கள். சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கும் முன்பும் குடிக்கும் அல்ஜினேட் கலந்த திரவ மருந்து, இரைப்பையில் இருப்பதன் மேல் மிதந்து ஒரு மூடி போல நிற்கும். இரவுத் தொல்லைக்கு அதைச் சேர்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

மெடிக்கல் ஸ்டோரில் கேட்டால் பேண்டோபிரசோலோடு, குமட்டலை அடக்கும் டோம்பெரிடோன் சேர்ந்த மாத்திரையைச் சர்வ சாதாரணமாக எடுத்துத் தந்துவிடுகிறார்கள். டோம்பெரிடோன் சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும். நெஞ்சில் அமுக்கம் சொல்கிற ஒருவருக்கு ஈசிஜி பார்க்காமல் அதைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

கிட்னி கேள்விக்குப் பதில்: இரண்டு மூன்று மாதம் டாக்டர் சொன்னபடி போடுவதற்குப் பயப்பட வேண்டாம். இந்த மாத்திரையால் கிட்னியில் அழற்சி வருவது உண்டு, ஆனால் அபூர்வம். வருடக்கணக்கில் போட்டால் பி12, மெக்னீசியம் குறையலாம், எலும்பு கொஞ்சம் பலவீனமாகலாம். அதனால்தான் காரணமில்லாமல் நீட்டக் கூடாது என்கிறோம். நீண்ட நாள் போட்டதைத் திடீரென நிறுத்தினால் சில வாரம் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும், அதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று பதற வேண்டாம். டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைக்கலாம். என்னைக் கேட்டால் நீங்கள் கிட்னிக்காகப் பயப்பட வேண்டியது அந்த முட்டுவலி மாத்திரைக்குத்தான். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகளை அடிக்கடி போட்டால் கிட்னியும் கெடும், இரைப்பையில் புண்ணும் வரும், உணவுக்குழாயும் எரியும். வயிற்றுக்கு ஒரு மாத்திரை, அந்த வயிற்றைக் கெடுக்க ஒரு மாத்திரை என்று இரண்டும் ஒரே கவரில் வீட்டுக்கு வருவதை நான் நிறையவே பார்க்கிறேன். முட்டுவலிக்கு என்ன செய்வது என்று டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். பிரஷர் மாத்திரை ஏதாவது போடுகிறார் என்றால் அதன் அட்டையையும் கொண்டுபோங்கள், சில பிரஷர் மாத்திரைகள் அந்தத் தசை வளையத்தைத் தளர்த்தும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். இதைத் தொடாதே, அதைத் தொடாதே என்று ஒரு நீளப் பட்டியல் எழுத எனக்கு விருப்பமில்லை. என் அனுபவத்தில் அந்தப் பட்டியலை ஒரு வாரத்துக்கு மேல் யாரும் பின்பற்றுவதில்லை. என்ன சாப்பிடுகிறார் என்பதைவிட எப்போது, எவ்வளவு சாப்பிடுகிறார் என்பதுதான் உங்கள் அம்மை விஷயத்தில் பெரிது. அண்டியாபீசிலிருந்து வந்து, வீட்டு வேலை முடித்து, எல்லோருக்கும் விளம்பிவிட்டு, ஒன்பதரைக்குக் கடைசியாக உட்கார்ந்து, பத்து மணிக்குப் படுக்கிற அம்மைமார்தான் நம் ஊரில் அதிகம். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றால் முதலில் மாற்ற வேண்டியது அதுதான். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் வேண்டும். ஏழு மணிக்கே அம்மை சாப்பிட வேண்டும், மற்றவர்கள் வந்தபோது அவரவர் போட்டுச் சாப்பிட்டுக்கொள்ளட்டும். இது அம்மை ஒருவர் எடுக்கிற முடிவு இல்லை, வீட்டில் எல்லோரும் சேர்ந்து எடுக்க வேண்டியது. மாத்திரையைவிட இதுதான் கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

மரச்சீனியை நிறுத்த வேண்டாம். கிழங்கு அவித்ததால் அமிலம் கூடுவதில்லை. ஆனால் கிழங்கும் மீன்கறியும் என்றால் யாரும் அளவாக நிறுத்துவதில்லை, அதுதான் பிரச்சினை. அதை மதியத்துக்கு மாற்றுங்கள். ராத்திரிக்கு மீன் வேண்டுமென்றால் தேங்காயும் மிளகாயும் புளியும் குறைத்து, பொரிக்காமல், கொஞ்சமாக. எண்ணெயும் கொழுப்பும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், அதனால் ராத்திரி பரோட்டாவும் இறைச்சியும் கூடாது. சாயங்காலம் கடையில் வாங்கும் பழபஜ்ஜியும் அப்படித்தான். அதே பழத்தை அவித்துச் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. கட்டன் சாயா ஒரு நாளைக்கு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இரண்டுக்குள் நிறுத்தினால் போதும், வெறும் வயிற்றில் மட்டும் வேண்டாம். கருப்பட்டி போட்டாலும் காப்பி காப்பிதான். மற்றதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். சந்தேகப்படும் ஒன்றை இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்து, வித்தியாசம் இல்லையென்றால் திரும்பச் சாப்பிடலாம்.

சோடாவை மட்டும் சந்தேகமில்லாமல் நிறுத்துங்கள். அதிலிருக்கும் வாயு இரைப்பையை ஊதவைக்கும், அந்த அழுத்தத்தில் தசை வளையம் திறக்கும், அதுதான் ஏப்பம். திறந்த வழியில் வாயு மட்டும் வருவதில்லை, அமிலமும் கூடவே வருகிறது.

வேலை செய்யும் விதமும் ஒரு காரணம். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு குறுகி உட்கார்ந்து குனிந்து கொட்டை உடைக்கும்போது நிறைந்த வயிறு மடங்கி அழுத்தப்படுகிறது. வேலையை விடச் சொல்ல முடியாது. மதியம் கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டு, மிச்சத்தை இடைவேளையில் சாப்பிடலாம். சாப்பிட்டதும் உட்காராமல் பத்து நிமிடம் நடக்கலாம். உயரம் கொஞ்சம் கூடிய பலகை கிடைத்தால் இடுப்பு அவ்வளவு மடங்காது. பாவாடை நாடாவை இடுப்பு வெட்டும்படி இறுக்கிக் கட்டுகிற பழக்கம் இருந்தால் அதையும் தளர்த்தச் சொல்லுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் நாள் முழுக்க வயிற்றில் அந்த அழுத்தம் இருக்கிறது. எடை கூடுதலாக இருந்தால் நாலைந்து கிலோ குறைந்தாலே எதுக்களிப்பு குறைவது தெரியும்.

படுக்கும்போது தலையணையை அடுக்கி வைப்பது உதவாது. கழுத்து மடங்கும், வயிறும் மடங்கும், அவ்வளவுதான். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குச் செங்கல்லோ மரக்கட்டையோ அசையாமல் வையுங்கள். உடம்பு முழுக்கச் சரிவாக இருக்கும். பாயில் படுக்கிறவர் என்றால் இடுப்பிலிருந்து தலைவரை சரிவாகத் தாங்கும் ஆப்பு வடிவ மெத்தை வாங்கலாம். இடப்பக்கம் சரிந்து படுப்பதும் நல்லது, அப்போது இரைப்பை உணவுக்குழாயைவிடத் தாழ்ந்திருக்கும். வலப்பக்கம் படுத்தால் நேர் எதிர்.

எண்டோஸ்கோப்பி இப்போதே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. எதுக்களிப்பு உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு எண்டோஸ்கோப்பியில் எல்லாம் இயல்பாகவே தெரியும். இயல்பாக இருப்பதால் நோய் இல்லை என்றும் ஆகாது. ஆனால் உணவு சிக்கிக்கொண்டு இறங்குவது, விழுங்கும்போது வலி, காரணமில்லாமல் எடை குறைவது, இரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், விடாத வாந்தி, இரத்தசோகை, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. வலி மாத்திரை போடுகிறவர் என்பதால் ஹீமோகுளோபினை இப்போதே பார்த்துவிடுங்கள். குறைவாக இருந்தால் என் கருத்தும் மாறும். கழுத்தில் கட்டி தட்டுப்பட்டாலோ, ஒரு பக்கக் காதில் மட்டும் வலி விடாமல் இருந்தாலோ, கரகரப்பு கூடிக்கொண்டே போனாலோ காது மூக்கு தொண்டை டாக்டரிடம் மறுபடி போங்கள்.

மூன்று மாதம் எல்லாம் சரியாகச் செய்தும் தொண்டை அப்படியே இருந்தால் மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை. அப்போது எண்டோஸ்கோப்பியும், தேவைப்பட்டால் மூக்கு வழியாக மெல்லிய குழாய் வைத்து 24 மணி நேரம் அமிலம் ஏறுகிறதா என்று அளக்கும் சோதனையும் செய்ய வேண்டியிருக்கும். தனியாரில் செலவு தாங்காது என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் காட்டுங்கள், அடுத்து என்ன என்று அவர்கள் சொல்வார்கள்.

தொண்டைத் தொல்லை முழுக்க அமிலத்தால்தான் என்றும் நான் முடிவு கட்டிவிடவில்லை. முந்திரிக்கொட்டை வறுக்கும் புகையும் தோட்டின் தூசியும் தொண்டையை அரிக்கும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அண்டியாபீஸ் மூடியிருக்கும் நாட்களிலும் காறுவது குறைகிறதா என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். குறைகிறது என்றால் வேலை நேரத்தில் மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் போடச் சொல்லுங்கள், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.